வீட்டு வாசலில் அம்பாசிடர்: முதலில் தண்ணீர், அப்புறம் பிரேக், கடைசியில்தான் கார்புரேட்டர்

பழைய அம்பாசிடர் ஒன்று வீட்டுக்கு வந்ததும் பலருடைய கை முதலில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டருக்குத்தான் போகும். வண்டி இழுக்கவில்லை, ஆக்ஸிலேட்டரை விட்டால் நின்றுவிடுகிறது, புகை வருகிறது என்றால் உடனே ஸ்க்ரூ டிரைவர் வெளியே வந்துவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். இங்கே பழைய காரைச் சாய்ப்பவை இரண்டு: போர் தண்ணீரின் உப்பு, மலைச்சாலையின் இறக்கம். உப்பு ரேடியேட்டரை அடைக்கும். இறக்கம், பிரேக்கில் உள்ள ஒவ்வொரு குறையையும் வெளியே கொண்டுவரும். இந்த இரண்டும் சரியான பிறகுதான் எஞ்சினின் ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் வண்டிக்கு. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1958 முதல் 2014 வரை அம்பாசிடரைத் தயாரித்தது. வெளித்தோற்றம் பெரிதாக மாறாவிட்டாலும் உள்ளே எஞ்சின் பலமுறை மாறியிருக்கிறது. உங்கள் ஆர்.சி.யில் சி.சி. எவ்வளவு, எரிபொருள் எது என்ற இரண்டையும் பாருங்கள். டீசலிலும் 1489 சி.சி. உண்டு. 1990-களில் வந்த இசுசூ 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினாக இருந்தால், கீழே வரும் டேப்பெட் (வால்வு இடைவெளி), பாயின்ட் (பிளக்கில் பொறி எழவைக்கும் தொடர்பு முனை), கார்புரேட்டர் அளவுகள் அதற்குப் பொருந்தாது. பழைய வண்டிகளில் எஞ்சினையே மாற்றிவைத்திருப்பதும் சகஜம் என்பதால், பானட்டைத் திறந்து எஞ்சின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

சாமான்களும் பாதுகாப்பும்

அம்பாசிடரின் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவில் இருக்கும். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 ஆகிய ஏ.எஃப். (நட்டின் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையிலான அகல அளவு) ஸ்பேனர்கள் ரிங், ஓப்பன் இரண்டிலும் ஒரு செட் வாங்கிவிடுங்கள். வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் செட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனரைப் போட்டால் முதல் தடவை கழலும். நாலாம் தடவை நட்டின் முனை மழுங்கி வழுக்கும். 7/16 என்பது 11.1 மி.மீ.; 11 உள்ளே போகாது, 12 ஆடும். 3/4-க்கு 19-ம், 5/8-க்கு 16-ம் மட்டும் ஓரளவு ஒத்துப்போகும்.

இவை தவிர அங்குலம், மி.மீ. இரண்டும் பொறித்த ஃபீலர் கேஜ், இரண்டு ஒயர் இணைத்த 12 வோல்ட் பல்பு, கிரீஸ் கன், ஹைட்ராலிக் ஜாக்கி, இரும்பு ஸ்டாண்ட் இரண்டு, பனியன் வேஸ்ட் ஒரு கிலோ இருந்தால் போதும்.

ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் கல்லைக் கொடுத்துவிட்டு வண்டிக்கடியில் படுக்கவே படுக்காதீர்கள். அந்தக் கல்லின் ஓரத்தில் பாரம் இறங்கினால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். வாசல் செம்மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டின் கால்கள் மெல்லப் புதையும். ஒன்றரை அங்குலக் கனமுள்ள பலகையை அடியில் போடுங்கள். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

பேட்டரியைக் கழற்றும்போது பாடியோடு சேரும் எர்த் ஒயரை முதலில் எடுக்க வேண்டும். மாட்டும்போது அது கடைசி. பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். புது பேட்டரி மாட்டும் முன் பழையது எப்படி இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டருக்கு எதிரி ஃபுளோரைடு அல்ல. கால்சியம், மெக்னீசியம் உப்புகள். உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் பொருக்குப் பிடித்தால், அதே தண்ணீர் எஞ்சினுக்குள்ளும் அதே வேலையைத்தான் செய்யும். எஞ்சின் பிளாக்கில் தண்ணீர் ஓடும் பாதை முழுக்க வார்ப்பிரும்பு என்பதால், துருவும் உப்பும் சேர்ந்து சேறாகி நாலாம் சிலிண்டருக்கு அருகே தங்கும். குழாய் தண்ணீரை ஊற்றி ஊற்றியே பல எஞ்சின்கள் பாழாகியிருக்கின்றன.

முதலில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை இருபது நிமிடம் ஓட்டி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஃபேன் நின்ற பிறகு ரேடியேட்டரின் முகத்தைப் புறங்கையால் தடவுங்கள். சூடு மேலிருந்து கீழாகச் சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன.

சுத்தம் செய்யும் முறை:

1. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடி டேப்பைத் திறந்து பக்கெட்டில் பிடியுங்கள். டேப் இறுகியிருந்தால் அடி ஹோஸைக் கழற்றுங்கள். வெளியே வந்தது எத்தனை லிட்டர் என்று அளந்து எழுதிவையுங்கள். திரும்ப நிரப்பும்போது காற்று தங்கியிருக்கிறதா என்று அந்தக் கணக்குதான் சொல்லும்.

2. எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு டேப் இருக்கும். அதை யாரும் திறப்பதில்லை. திறந்தும் தண்ணீர் வராவிட்டால் உள்ளே சேறு. டேப்பையே கழற்றி ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். இதைச் செய்யாமல் ரேடியேட்டரை மட்டும் கழுவினால், பிளாக்கில் இருக்கும் சேறு ஒரே வாரத்தில் மறுபடியும் ரேடியேட்டருக்கு வந்துவிடும்.

3. மேலே தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு) கழற்றி எடுத்துவிட்டு, அதன் மூடியை மாட்டுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் 250 கிராமை வெந்நீரில் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்புங்கள். எஞ்சினைச் சற்று உயர்ந்த ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும் நிலை) இருபது நிமிடம் ஓட விட்டு, ஆறவைத்து, அன்றைக்கே வடித்துவிடுங்கள். இரவு முழுக்க விடக்கூடாது. அமிலம் உப்பைத் தின்று முடித்ததும் உலோகத்தைத் தின்னத் தொடங்கும்.

4. சமையல் சோடா இரண்டு மேசைக்கரண்டி கலந்த தண்ணீரை நிரப்பி ஐந்து நிமிடம் ஓட்டி வடியுங்கள். பிறகு வெறும் தண்ணீர், தெளிவாக வரும்வரை.

5. இரண்டு ஹோஸையும் கழற்றி, ரேடியேட்டரின் அடி வாயில் தோட்டத்துக் குழாயை வைத்து, தண்ணீரை மேல் வாய் வழியாக வெளியேற்றுங்கள். எதிர்ப்பாதையில் போனால்தான் சிக்கிய துகள் கழலும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன் வேண்டாம். பழைய ஈயப் பற்று விட்டுவிடும்.

6. தெர்மோஸ்டாட்டையும் ஹோஸ்களையும் திரும்ப மாட்டுங்கள். நிரப்புவதற்கு, பேட்டரிக் கடையில் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பங்கு, கூலன்ட் ஒரு பங்கு. ஏற்கெனவே தண்ணீர் கலந்து விற்கும் கூலன்ட்டாக இருந்தால் மேலும் கலக்காமல் அப்படியே ஊற்றுங்கள். செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றதுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குளிர்ந்த இடம் போகவில்லை என்றால், ரேடியேட்டர் பட்டறையில் மேல் டேங்கைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் உள்ளே இருக்கும் குழாய்த் தொகுதியை (கோர்) மாற்ற வேண்டியதுதான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பக்கத்துப் பட்டறைகளின் வழக்கம். வெயில் ஊரில் அது எதற்கு என்பார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நேரமாகும், பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், தேய்மானம் கூடும். அடைத்த ரேடியேட்டரை மறைக்கத்தான் அதை எடுக்கிறார்களே தவிர, வெயிலுக்காக அல்ல. சோதிப்பது எளிது: பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மோமீட்டர் வைத்துக் கொதிக்கவையுங்கள். தெர்மோஸ்டாட்டின் மேல் பொறித்திருக்கும் வெப்பநிலைக்கு அருகே, பெரும்பாலும் 82 டிகிரியில், திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

ரேடியேட்டர் மூடியில் பொறித்திருக்கும் அழுத்த எண் மாறாமல் வாங்குங்கள். புதுக் காரின் மூடி வாய்க்குப் பொருந்துகிறதே என்று மாட்டினால், கூடுதல் அழுத்தத்தில் பழைய டேங்கின் ஓரம் பிளக்கும். ஃபேன் பெல்ட்டை நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். இறுக்கம் கூடினால் வாட்டர் பம்ப் பேரிங்கும் டைனமோ பேரிங்கும் போகும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள். அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகும்.

சூளகிரி தாண்டி ஓசூர் ஏறும்போது முள் சிவப்புக்குப் போனால் ஓரம் கட்டுங்கள். கொதித்து வழியவில்லை என்றால் எஞ்சினை அணைக்காமல் சற்று வேகமான ஐடிலில் ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள். ஃபேன் சுற்றினால்தான் காற்று வரும். கொதித்து வழிந்தால் அணைத்துவிட்டு அரைமணி நேரமாவது காத்திருங்கள். மூடியைத் தொடாதீர்கள். ஆறிய பிறகு எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டுக்கொண்டே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சுட்ட வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் ஹெட்டில் விரிசல் விழும்.

பிரேக்

தர்மபுரியிலிருந்து சேலம் போக தொப்பூர் கணவாய் இறங்க வேண்டும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கும் இறக்கம்தான். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள கார் இந்த இறக்கங்களில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், டிரம் சூடாகி விரிந்து, அதன்மேல் உரசி வண்டியை நிறுத்தும் லைனர் பிடிப்பை இழந்து, பெடல் மிதிக்க மிதிக்க வண்டி நிற்காமல் போகும். இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கும், வளைவு நெருங்கினால் இரண்டாவதுக்கும் வந்துவிடுங்கள். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. பழைய அம்பாசிடர்களில் பிரேக் ஆயிலுக்கு ஒரே பாதைதான். ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். அதனால்தான் இந்தப் பகுதியில் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்பதே கூடாது.

ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி டிரம்மை எடுங்கள். பின் சக்கரத்துக்கு ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்க வேண்டும். டிரம் வராவிட்டால் ஷூ (லைனர் ஒட்டிய வளைந்த தகடு) அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ கம்ப்ரசராலோ ஊதக்கூடாது. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

பார்க்க வேண்டியவை: வீல் சிலிண்டரின் ரப்பர் பூட்டை லேசாகத் தூக்கினால் உள்ளே ஈரம் இருக்கக் கூடாது. இருந்தால் கப் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர்) போய்விட்டது. சிலிண்டரின் உட்சுவரில் நகத்தை ஓட்டினால் சொரசொரப்பு தட்டக் கூடாது. தட்டினால் புது கப் மாட்டியும் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். கப் மாட்டும்போது பிரேக் ஆயில் மட்டும் தடவுங்கள். சாதாரண கிரீஸோ எஞ்சின் ஆயிலோ பட்டால் ரப்பர் ஊதிப்போய், அந்தச் சக்கரம் பிடித்துக்கொள்ளும். லைனர் ரிவிட் தலைக்கு அருகே தேய்ந்திருந்தால் ஒரே அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மாற்றுங்கள். ஆயிலில் நனைந்த லைனரை பெட்ரோலில் கழுவி, எரித்து மறுபடி போடுவார்கள். சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் மேலே வந்துவிடும். அதைத் தூக்கிப் போடுங்கள்.

பிரேக் ஹோஸ் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே உதிர்ந்திருக்கலாம். பெடலை மிதிக்கும்போது ஆயில் போகும். விட்டபின் திரும்பி வராது. ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறது, அட்ஜஸ்ட்மென்ட் சரியாக இருக்கிறது என்றால் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். வயது தெரியாத ஹோஸ் மூன்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுவது நல்லது.

ஷூ அட்ஜஸ்ட்மென்ட்: மாடலைப் பொறுத்து, பேக் பிளேட்டின் பின்புறம் சதுர முனையாகவோ, டிரம்மின் துளை வழியே தெரியும் வெட்டுள்ள திருகாகவோ அட்ஜஸ்டர் இருக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, சுற்ற முடியாத அளவுக்கு இறுக்குங்கள். பிறகு தாராளமாகச் சுற்றும்வரை சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். முன் சக்கரத்தில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனி அட்ஜஸ்டர் இருக்கும். ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு வந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஹேண்ட் பிரேக் கேபிளைப் பின் ஷூக்களைச் சரிசெய்த பிறகே தொட வேண்டும்.

ஏர் எடுக்க, அதாவது பிரேக் குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும். டாட் 3 பிரேக் ஆயில், சீல் உடைக்காத புதுப் பாட்டில் ஒரு லிட்டர். திறந்து பல மாதம் வைத்த பாட்டில் காற்றிலிருந்து ஈரம் குடித்திருக்கும், இறக்கத்தில் கொதிக்கும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவான சக்கரத்தில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பிளீடர் நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்துங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்து அப்படியே பிடிக்க, மற்றவர் நிப்பிளை அரைச் சுற்று திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். குமிழி நின்ற பிறகு அடுத்த சக்கரம். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் ஊற்றிக்கொண்டே இருங்கள். அது வற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிரேக் ஆயில் வண்டியின் பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முடித்ததும் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்திருங்கள். மெல்லக் கீழே இறங்கினால் எங்கேயோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் கப் போய்விட்டது. ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுக்க மாற்றப்பட வேண்டும்.

டேப்பெட், பாயின்ட், டைமிங்

இந்த வரிசை முக்கியம். டேப்பெட் சரியில்லாமல் கார்புரேட்டர் டியூனிங் நிற்காது. பாயின்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங் (பிளக்கில் பொறி எழும் நேரம்) மாறிவிடும் என்பதால் பாயின்ட் முதலில், டைமிங் பிறகு.

டேப்பெட் இடைவெளி எட்டு வால்வுக்கும் 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ., எஞ்சின் குளிர்ந்த நிலையில். பிளக் நான்கையும் கழற்றிவிட்டு டாப் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் எஞ்சின் சுற்றும். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒன்பதுக் கணக்கு போதும்: முன்னாலிருந்து எண்ணி, முழுக்கத் திறந்து அமுங்கியிருக்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள். எட்டாவது அமுங்கியிருந்தால் முதலாவதைச் சரிசெய்யுங்கள்; ஆறாவது என்றால் மூன்றாவதை; நாலாவது என்றால் ஐந்தாவதை. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூ டிரைவரால் திருப்பி, ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போகும் நிலையில் நிறுத்தி, நட்டை இறுக்கி, மறுபடியும் அளந்து பாருங்கள். நட்டு இறுகும்போது திருகும் கூடவே நகர்ந்துவிடும்.

டேப்பெட் சத்தம் கேட்காதபடி இறுக்கித் தருவதைப் பல இடங்களில் திறமை என்று நினைக்கிறார்கள். இடைவெளி போதாவிட்டால் வால்வு சூட்டில் நீண்டு, சீட்டில் முழுக்க உட்காராமல், வெப்பத்தை வெளியே கடத்த முடியாமல் கருகிவிடும். இந்த எஞ்சினில் லேசான டிக் டிக் சத்தம் ஆரோக்கியத்தின் அடையாளம். மேல் மூடியின் கார்க் கேஸ்கட்டைப் புதிதாகப் போடுங்கள். நட்டை வெறிகொண்டு இறுக்கினால் தகடு வளைந்து ஆயில் இன்னும் அதிகமாகக் கசியும்.

பிளக் 14 மி.மீ., நீள மரை கொண்டது. இடைவெளி 0.025 அங்குலம். குட்டை மரைப் பிளக்கும் வாயில் ஏறிவிடும். ஆனால் பொறி உள்ளே எட்டாது, மிச்ச மரையில் கரி பிடிக்கும்.

டெல்கோ என்று பட்டறைகளில் சொல்லப்படும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, ரோட்டரை எடுங்கள். பாயின்ட்டின் ஃபைபர் முனை கேமின் உச்சியில் ஏறி நிற்கும்போது இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் இருக்க வேண்டும். பாயின்ட் முகத்தில் மேடு, பள்ளம் விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் பொய்க் கணக்கு சொல்லும், புதிது போடுங்கள். கேமில் அரிசி அளவுக்கு கிரீஸ் தடவினால் ஃபைபர் சீக்கிரம் தேயாது. வண்டி காலையில் நன்றாக ஓடி, மதிய வெயிலில் மட்டும் தடுமாறுகிறது, பாயின்ட் நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் கண்டென்சர் போய்விட்டது. சூட்டில் பழுதாகி ஆறினால் சரியாகும் பழக்கம் காயிலுக்கும் உண்டு. முதலில் விலை குறைந்த கண்டென்சரை மாற்றிப் பாருங்கள்.

டைமிங் வைக்க: முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கும்படி எஞ்சினைச் சுற்றுங்கள், ரோட்டர் முதல் பிளக் ஒயரை நோக்கி நிற்கும். கிராங்க் புல்லியின் வெட்டை, உங்கள் மாடலின் கையேடு சொல்லும் டிகிரிக் குறிக்கு நேராக நிறுத்துங்கள். சோதனை பல்பின் ஒரு ஒயர் காயிலிலிருந்து டெல்கோவுக்குப் போகும் முனையில், இன்னொன்று எர்த்தில். சாவியைப் போட்டு, கிளாம்ப்பைத் தளர்த்தி, டெல்கோவைக் கையால் திருப்பினால், பாயின்ட் பிரியும் கணத்தில் பல்பு எரியும். அந்த இடத்தில் இறுக்குங்கள். இந்த எஞ்சினில் ரோட்டர் மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும். டெல்கோவை வலஞ்சுழியாகத் திருப்பினால் அட்வான்ஸ் (பொறி முந்தும்), எதிராகத் திருப்பினால் ரிட்டார்ட் (பொறி பிந்தும்). ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

பிறகு ஒரு மேட்டில் டாப் கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து முழு ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். எஞ்சினில் கிலுகிலுவென்று உலோகச் சத்தம் தொடர்ந்து வந்தால் அட்வான்ஸ் கூடிவிட்டது. ஒரு மயிரிழை பின்வாங்குங்கள். சத்தம் இல்லை, ஆனால் இழுவையும் இல்லை, எஞ்சின் சூடாகிறது என்றால் டைமிங் பிந்தியிருக்கிறது. ரேடியேட்டரைக் குறைசொல்லும் முன் இதையும் பாருங்கள்.

கார்புரேட்டரும் இ20 பெட்ரோலும்

எஸ்.யு. கார்புரேட்டர் உள்ள வண்டிக்கு இது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். தடையின்றி இறங்கி ‘டக்’கென்று உட்கார வேண்டும். நடுவில் சிக்கினால் மேல் கூட்டைக் கழற்றி, பிஸ்டனையும் கூட்டையும் பெட்ரோலில் துடைக்க வேண்டும். எமரி ஷீட் கூடவே கூடாது. அந்த இடைவெளியில்தான் கார்புரேட்டரின் உயிர் இருக்கிறது. பிஸ்டனின் அடியில் இருக்கும் ஊசியை வளைத்துவிடாதபடி பிஸ்டனை ஒரு டம்ளர் வாயில் நிறுத்தி வையுங்கள். மேலே டேம்பரில் எஸ்.ஏ.இ. 20 ஆயில், உள்தண்டின் வாய்க்கு அரை அங்குலம் மேலே நிற்கும் அளவு.

அடியில் இருக்கும் ஜெட் நட்டை முழுக்க மேலே ஏற்றி, அங்கிருந்து 12 பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்குங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, பிஸ்டனை ஒரு மி.மீ.க்குக் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். நட்டை ஒரு பட்டை மேலே. எஞ்சின் அமுங்கி நிற்கப் பார்த்தால் பெட்ரோல் குறைவு; ஒரு பட்டை கீழே. ஒரு கணம் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி.

இன்றைக்குப் பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய அளவில் கலவை மெலிந்துபோகும். ஜெட்டை ஓரிரு பட்டை கீழே இறக்க வேண்டி வரலாம், மேலே சொன்ன சோதனையே வழிகாட்டும். அதைவிடப் பெரிய பிரச்சினை ரப்பர். பழைய பெட்ரோல் ஹோஸும் பம்பின் டயாஃப்ரமும் எத்தனாலில் மெத்தென்று ஆகிப் பிளக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள்.

இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் சூடான எக்ஸாஸ்ட் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஃப்ளோட் ஊசி சிக்கி வழியும் பெட்ரோல் நேராகச் சூட்டில்தான் விழும். பெட்ரோல் வாடை அடித்தால் வீடு போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டாதீர்கள்.

சுங்கச்சாவடி வரிசையில் வெயிலில் நின்று நின்று எஞ்சின் அணைந்து, மறுபடி பிடிக்காவிட்டால் பெரும்பாலும் குழாயில் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். பானட்டைத் திறந்து, பம்ப் மீதும் குழாய் மீதும் ஈரத் துணி போட்டு, கால்மணி நேரம் விடுங்கள்.

ஆயில், கிரீஸ், பாடி

எஞ்சின் ஆயில் 20டபிள்யூ-50 மினரல், ஏறக்குறைய நான்கு லிட்டர். மூன்றரை ஊற்றிவிட்டு மீதியை டிப் ஸ்டிக் பார்த்து. 5000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது. ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றும்போது மேலே பள்ளத்தில் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசியால் அதை எடுக்காமல் புதியதை மேலே வைத்து மாட்டினால், ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீறிடும். பின் ஆக்சிலுக்கு ஹைபாய்டு ஈ.பி. 90.

கிரீஸ் நிப்பிள்கள் முன் சக்கர ஸ்விவல், டை ராட் முனைகள், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் ஆகிய இடங்களில். 1500 கி.மீ.க்கு ஒருமுறை, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கிப் புதியது தலைகாட்டும்வரை. முன்பக்க பாரத்தைத் தூக்கிவிட்டு அடித்தால்தான் ஸ்விவல் முழுக்க ஏறும்.

மாந்தோப்பு நிழல் குளுமைதான். ஆனால் மா பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சியின் பிசுக்கு பானட் முழுக்க ஒட்டி, அதன்மேல் கரும்பூஞ்சை படரும். உதிரும் சருகு கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளைகளை அடைத்து, மழைத் தண்ணீர் வண்டிக்குள் இறங்கும். தை முதல் பங்குனி வரை வேறு இடத்தில் நிறுத்துங்கள். போர் தண்ணீரில் கழுவினால் காயவிடாமல் உடனே துடையுங்கள், இல்லையென்றால் வெள்ளைப் புள்ளி நிற்கும். வண்டிக்குள் இருக்கும் தரை விரிப்பை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

உதிரி பாகமும் டிக்கியில் இருக்க வேண்டியதும்

டிரம் கடைவது, வால்வு சீட் வெட்டுவது, போரிங் போன்றவற்றுக்கு வீட்டில் வழியில்லை. ஓசூரில் அளவு தவறாத லேத் பட்டறைகள் நிறைய உண்டு. உதிரி பாகத்துக்கு பெங்களூரு ஜே.சி. ரோடும், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும். பழைய பாகம் தேடினால் சென்னை புதுப்பேட்டை. எங்கே போனாலும் கழற்றிய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். மாடலுக்கு மாடல் வேறுபாடு அதிகம். வீல் சிலிண்டர் கப், பிரேக் ஹோஸ் இரண்டையும் மட்டும் பழையதில் வாங்கவே கூடாது.

ஊர் தாண்டும்போது டிக்கியில்: ஃபேன் பெல்ட், செட் பண்ணிய பாயின்ட், கண்டென்சர், ரோட்டர், மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் ஒவ்வொன்று, கிளிப் நான்கு, பிரேக் ஆயில் அரை லிட்டர், டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர், சோதனை பல்பு, ஏ.எஃப். ஸ்பேனர்கள். ஒரு கிலோ டிரை பவுடர் தீயணைப்பானை மட்டும் டிக்கியில் வைக்காதீர்கள். ஓட்டுநர் சீட்டில் இருந்தபடியே கை எட்டும் இடத்தில் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். எஞ்சினில் தீ என்றால் பானட்டை முழுக்கத் திறக்காமல், விரல் நுழையும் அளவுக்கு மட்டும் தூக்கி, அந்த இடுக்கு வழியே அடியுங்கள்.